மாத்திரைப் பெட்டிக்குள் ஒரு தாள்

கருத்தடை மாத்திரைப் பெட்டிக்குள் பொடி எழுத்தில் அச்சிட்ட தாளொன்று மடித்து வைக்கப்பட்டிருக்கும். மனச்சோர்வு, தாம்பத்திய நாட்டக் குறைவு போன்றவையும் அதில் பக்கவிளைவுகளாகக் குறிக்கப்பட்டிருக்கும். பலர் படிக்காமலே எறிந்துவிடும் இத்தாளுக்கு ஒரு வரலாறு உண்டு.

1956 ஏப்ரலில், அமெரிக்க ஆட்சிக்குட்பட்ட புவேர்ட்டோ ரிக்கோ தீவின் ரியோ பியெத்ராஸ் குடியிருப்பில் மாத்திரையின் முதல் பெருஞ்சோதனை தொடங்கியது. திட்டம் கிரிகோரி பின்கஸ், ஜான் ராக் என்னும் இருவருடையது. களத்தில் நின்றவர் எட்ரிஸ் ரைஸ்-ரே என்ற பெண் மருத்துவர். தீவில் நிரந்தரக் கருத்தடை அறுவை பரவலாக இருந்த காலம் அது. அடுத்தடுத்த மகப்பேற்றால் களைத்திருந்த ஏழைப் பெண்கள் மாத்திரையை விரும்பியே வாங்கினர். ஆனால், தாங்கள் சோதனைக்கு உட்படுத்தப்படுகிறோம் என்பது அவர்களிடம் சொல்லப்படவில்லை.

தலைசுற்றல், குமட்டல், தலைவலி, வாந்தி என 17 சதவீதப் பெண்கள் முறையிட்டனர். மாத்திரை கருவைத் தடுப்பது உண்மையே, எனினும் பொதுப் பயன்பாட்டுக்கு ஏற்க இயலாத அளவு பக்கவிளைவுகள் உள்ளன என்று ரைஸ்-ரே அறிக்கை தந்தார். பெரும்பகுதி மனப்பிரமை என்று அதனை ஒதுக்கினர் மேலிருந்தோர். சோதனைக் காலத்தில் மூன்று பெண்கள் இறந்தனர்; பிரேதப் பரிசோதனைகூட நடக்கவில்லை. ‘எனோவிட்’ என்ற பெயரில் அம்மாத்திரை 1957இல் மாதவிடாய்க் கோளாறுகளுக்காகவும், 1960இல் கருத்தடைக்காகவும் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அன்றைய ஹார்மோன் அளவு இன்றைய மாத்திரைகளைவிடப் பன்மடங்கு அதிகம்.

இவ்விடத்தில் ஃபிக்ஹு நூல்களின் விவாதமொன்று நினைவுக்கு வருகிறது. ‘அஸ்ல்’ பற்றிப் பேசிய முற்கால அறிஞர்களுள் பெரும்பாலோர் மனைவியின் சம்மதத்தை வேண்டினர். தாம்பத்திய இன்பம் அவளுக்கும் உரியது என்பது அவர்கள் காட்டிய காரணங்களுள் ஒன்று. ரியோ பியெத்ராஸில் அந்தச் சம்மதம் முறையாகக் கேட்கப்படவே இல்லை.

1969இல் பார்பரா சீமன் என்ற பத்திரிகையாளர் மாத்திரையின் தீங்குகளைத் தொகுத்து நூலாக வெளியிட்டார். அதன் தாக்கத்தால் 1970 ஜனவரியில் செனட்டர் கேலார்ட் நெல்சன் விசாரணை நடத்தினார். சாட்சியம் சொல்ல மருத்துவர்கள் வந்தார்கள். மாத்திரை உண்ட பெண் ஒருத்திகூட அழைக்கப்படவில்லை. பார்வையாளர் வரிசையிலிருந்து ஆலிஸ் வுல்ஃப்சனும் தோழியரும் எழுந்து, அது ஏன் என்று உரக்கக் கேட்டனர். தொலைக்காட்சியில் நாடே அதைப் பார்த்தது. அவ்வாண்டே எச்சரிக்கைத் தாள் கட்டாயமாயிற்று. மருத்துவர்களும் தயாரிப்பாளர்களும் எதிர்த்ததால் முதல் வரைவு பெரிதும் சுருக்கப்பட்டது. அதில் முதன்மை பெற்றது இரத்தக்கட்டி. மனத்தைப் பற்றிய பேச்சு விரிவாக வரப் பின்னும் காலம் பிடித்தது.

நாட்டம் குறைவதற்கு உடலியல் விளக்கம் ஒன்று உண்டு. மாத்திரையிலுள்ள ஈஸ்ட்ரோஜன், பாலின ஹார்மோன்களைப் பற்றிக்கொள்ளும் ஒரு புரதத்தைக் கல்லீரலில் பெருக்குகிறது. அதனால் இரத்தத்தில் தடையின்றி உலவும் டெஸ்டோஸ்டிரோன் குறைகிறது. சிலர் இதை உணர்கின்றனர். பெரும்பாலோருக்கு மாற்றம் தெரிவதில்லை.

மனநலம் குறித்து 2016இல் டென்மார்க்கிலிருந்து வந்த ஆய்வு பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களின் பதிவுகளை ஆராய்ந்தது. கூட்டு மாத்திரை உண்டோர் மனச்சோர்வு மருந்தை முதன்முறை நாடும் வீதம் ஏனையோரைவிட 1.2 மடங்கு; 15 முதல் 19 வயதினரிடையே 1.8 மடங்கு. இது தொடர்பைக் காட்டுகிறதே தவிர, மாத்திரைதான் காரணம் என்று நிறுவவில்லை. மாத்திரை தொடங்கிய மாதங்களில் காரணம் தெரியாத அழுகையோ வெறுமையோ வந்தால், அதைத் தன் குறையென்று மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லலாம். வேறு வகை மாத்திரையோ, ஹார்மோன் கலவாத காப்பர்-டி போன்ற வழியோ கேட்டுப் பெறலாம்.