அட்லாண்டா யூதர்களின் நெடுமௌனம்

1964ஆம் ஆண்டில் ஒரு நாள், அமெரிக்கத் தென்மாநிலமாகிய ஜார்ஜியாவின் தலைநகர் அட்லாண்டாவில், ஒரு பெண்மணியின் சாம்பலை அவருடைய உறவினர் ஓக்லேண்ட் கல்லறைத் தோட்டத்திற்கு எடுத்துச் சென்றனர். அவர் இறந்து ஏழு ஆண்டுகள் ஆகியிருந்தன. யாருக்கும் அறிவிக்கவில்லை, பெயர் பொறித்த கல்லும் நாட்டவில்லை. பெற்றோரின் கல்லறைகளுக்கு இடையே சாம்பலைப் புதைத்துவிட்டு ஓசையின்றித் திரும்பினர். அப்பெண்மணியின் பெயர் லூசில் ஃபிராங்க்.

கைம்பெண் ஒருவரின் சாம்பலை அடக்கம் செய்ய அவ்வளவு அச்சம் ஏன்? விடை காண ஐம்பது ஆண்டுகள் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

1913 ஏப்ரலில் அட்லாண்டாவின் பென்சில் ஆலையொன்றில் மேரி ஃபேகன் என்ற பதின்மூன்று வயதுத் தொழிலாளச் சிறுமி கொலையுண்டு கிடந்தாள். ஆலையின் மேற்பார்வையாளரான லியோ ஃபிராங்க் மீது பழி விழுந்தது. அவர் நியூயார்க்கில் வளர்ந்த யூதர், லூசிலின் கணவர். நீதிமன்றத்திற்கு வெளியே கூட்டம் ஆர்ப்பரிக்க, மரண தண்டனை விதிக்கப்பட்டது. சான்றுகளை மீண்டும் ஆராய்ந்த ஆளுநர் ஜான் சிலேட்டன், 1915 ஜூனில் அதனை ஆயுள் தண்டனையாகக் குறைத்தார். அத்துடன் அவருடைய அரசியல் வாழ்வும் முடிந்தது. ஆகஸ்டு 17 அன்று ஒரு கும்பல் ஃபிராங்கைச் சிறையிலிருந்து கடத்திச் சென்று, மேரியட்டா ஊரருகே மரத்தில் தூக்கிலிட்டது. அக்குற்றத்திற்காக எவரும் தண்டிக்கப்படவில்லை.

அந்த வெறிக்கு நெய் வார்த்தவர்களுள் முதன்மையானவர் டாம் வாட்சன் என்ற இதழாசிரியர். யூதர்மீது பாய்வதற்கு முன்பே திருத்தந்தையையும் கத்தோலிக்கக் குருக்களையும் அவர் தம் இதழ்களில் இழிவாகத் தூற்றிவந்தார். கன்னியர் மடங்களைச் சோதனையிடுவதற்கென்றே ஜார்ஜியாவில் ஒரு சட்டம் வந்த காலம் அது. அதே வாட்சனை 1920இல் மக்கள் தேர்ந்தெடுத்து நாட்டின் மேலவைக்கு அனுப்பினர்.

1733 முதல் ஜார்ஜியாவில் வாழ்ந்துவந்த யூதர், இதன்பின் வாய் திறக்க அஞ்சினர். ஃபிராங்கின் பெயரை வீட்டிலும் உச்சரிப்பதில்லை. 1936இல் அந்நகரில் பிறந்த நாடகாசிரியர் ஆல்ஃபிரட் யூரி, அப்பெயர் எழுந்தாலே பெரியவர்கள் அறையைவிட்டு வெளியேறியதை நினைவுகூர்ந்திருக்கிறார். அந்தப் பென்சில் ஆலை அவருடைய பாட்டனின் தலைமுறை உறவினருக்கே சொந்தமானது என்பதை எண்ணினால், அம்மௌனத்தின் பாரம் விளங்கும். அவர் வீட்டில் கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு மரம் அலங்கரித்தார்கள். யூதச் சிறுவர் பதின்மூன்றாம் வயதில் ஏற்கும் சமயச் சடங்கு அவருக்கு நடைபெறவில்லை. அண்டை வீட்டாரினின்று வேறுபட்டுத் தெரியாதிருப்பதே பாதுகாப்பு என்று அம்மக்கள் கருதினர். அவர்களைக் கோழைகள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மௌனம் மட்டும் காப்பாற்றியதா? 1946இல் அந்நகருக்கு வந்த ரபி ஜேக்கப் ராத்ஸ்சைல்டு, கறுப்பின மக்களின் உரிமைக்காக மறையுரைகளில் வெளிப்படையாகப் பேசினார். சபையாரில் பலர் கலங்கினர். 1958 அக்டோபர் 12, ஞாயிறு அதிகாலையில், அவருடைய தொழுகைக்கூடத்தில் ஏறத்தாழ ஐம்பது டைனமைட் குச்சிகள் வெடித்தன. சில மணி நேரம் கழித்திருந்தால் மறைக்கல்வி வகுப்புகளில் பிள்ளைகள் அமர்ந்திருப்பார்கள். இதற்கும் எவரும் தண்டனை பெறவில்லை.

ஆனால் இம்முறை நகரம் வேறுவிதமாக நடந்துகொண்டது. நகரத் தந்தை ஹார்ட்ஸ்ஃபீல்டு இடிபாடுகளிடையே நின்று, அச்செயலைக் கண்டித்தார். ரால்ஃப் மெக்கில் எழுதிய தலையங்கத்துக்கு 1959இல் புலிட்சர் பரிசு கிடைத்தது. அடுத்த வெள்ளி மாலை, தொழுகைக்கூடம் நிரம்பி வழிந்தது. இறைவாக்கினர் மீக்காவின் சொல்லைத் தழுவி, எவரும் தம்மை அச்சுறுத்த இயலாது என்று ரபி மறையுரையாற்றினார். அவருடைய துணைவியார் ஜானிஸ், பிற்காலத்தில் இதைப் பற்றி எழுதிய கட்டுரைக்கு, ‘குணப்படுத்திய குண்டு’ என்று பொருள்படத் தலைப்பிட்டார். அச்சம் அன்றே அகன்றுவிடவில்லை என்பதற்கு லூசிலின் சாம்பலே சாட்சி.

மௌனம் யூதர்களுடையது மட்டுமன்று. கொலை நடந்த நாளில் ஆலை அலுவலகத்தில் எடுபிடிச் சிறுவனாக இருந்த அலான்சோ மான், சிறுமியின் உடலை ஆலையின் துப்புரவுப் பணியாளர் தூக்கி நின்றதைத் தாம் கண்டதாக 1982இல் கூறினார். விசாரணையில் ஃபிராங்குக்கு எதிராகச் சாட்சி சொன்னவரே அப்பணியாளர். வாயை மூடிக்கொண்டிரு என்று தம் தாய் சொன்னதால், ஏறக்குறைய எழுபது ஆண்டுகள் அதை மனத்தில் அடக்கியிருந்தார் அந்த முதியவர். 1986இல் ஜார்ஜியா அரசு ஃபிராங்குக்கு மன்னிப்பு வழங்கியது. அவரைக் காக்கத் தவறியதை ஒப்புக்கொண்டதே அன்றி, குற்றமற்றவர் என்று அறிவிக்கவில்லை.

யூரியும் பேசத் தொடங்கினார். தம் பாட்டியையும் அவருடைய கறுப்பின ஓட்டுநரையும் மனத்தில் கொண்டு 1987இல் அவர் படைத்த ‘டிரைவிங் மிஸ் டெய்சி’ நாடகம், பின்னர் திரைப்படமாகி ஆஸ்கார் விருதும் பெற்றது. 1998இல் ஃபிராங்கின் கதையையே ‘பரேடு’ என்ற இசை நாடகமாக மேடையேற்றினார்.

1965 ஜனவரியில், நோபல் பரிசு பெற்ற மார்ட்டின் லூதர் கிங்குக்கு அட்லாண்டாவில் பெரும் விருந்தொன்று நடைபெற்றது. அதனை முன்னின்று நடத்தியவர்களுள் ரபி ராத்ஸ்சைல்டும், அந்நகரின் கத்தோலிக்கப் பேராயர் பால் ஹாலினனும் இருந்தனர். யூரி தம் நாடகத்தில் அவ்விருந்துக்கு டெய்சி அம்மையாரை அனுப்புகிறார். அவரை அழைத்து வந்த ஓட்டுநர் ஹோக்கை உடன்வர உரிய நேரத்தில் யாரும் அழைக்கவில்லை. கிங் உள்ளே பேசுகிறார். ஹோக் வெளியே காரில் இருக்கிறார்.