காதமும் ஃபர்ஸக்கும்: விண்ணை அளந்த அலகுகள்

அதியமான் பெருவழியில் நடப்பட்ட காதக்கற்கள் தருமபுரி வட்டாரத்தில் கண்டெடுக்கப்பட்டுள்ளன. நாவற்றாவளம் என்னும் ஊருக்கு இன்னும் 27 காதம் என்று ஒரு கல்லும், 29 காதம் என்று மற்றொரு கல்லும் கூறுகின்றன. கி.பி. 13-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த இக்கற்களை வெட்டியவர்கள் எழுத்தறியாத வழிப்போக்கரையும் மறக்கவில்லை. பத்துக்குப் பெரிய குழியும் ஒன்றுக்குச் சிறிய குழியுமாகத் தொலைவைக் குறித்துவைத்தனர். எண்ணை அறிவதற்கு இத்துணை வசதி இருந்தும், ஒரு காதம் என்பது எத்தனை கிலோமீட்டர் என்று கேட்டால் நமக்கு ஒரே விடை கிடைப்பதில்லை. காலத்துக்குக் காலம், நாட்டுக்கு நாடு காதம் நீண்டும் குறுகியும் வந்திருக்கிறது. எண் நிலைத்து நிற்க, அலகு மாறிவிடுகிறது. தரையில் எழும் இச்சிக்கல் விண்ணை அளக்கப் புகும்போது பன்மடங்காகிறது.

சந்திரனின் தொலைவையே எடுத்துக்கொள்வோம். ஆரியபட்டர் (கி.பி. 499) பூமியின் விட்டத்தை 1,050 யோசனை என்றும், சந்திரனின் பாதையை 2,16,000 யோசனை என்றும் கணித்தார். சூரிய சித்தாந்தமோ பூமியின் விட்டம் 1,600 யோசனை, சந்திரனின் பாதை 3,24,000 யோசனை என்கிறது. மேலோட்டமாக நோக்குவார்க்கு இவை பெரும் முரண்பாடாகவே தோன்றும். ஆனால், பாதையைப் பூமியின் சுற்றளவால் வகுத்துப் பார்த்தால், முன்னதில் ஏறத்தாழ 65½ மடங்கும் பின்னதில் 64 மடங்கும் கிடைக்கின்றன. இரு நூல்களும் வெவ்வேறு நீளமுடைய யோசனைகளைக் கொண்டு கிட்டத்தட்ட ஒரே உண்மையைத்தான் கூறியிருக்கின்றன. இன்றைய அளவீட்டின்படி சந்திரனின் சராசரித் தொலைவு பூமியின் ஆரத்தைப்போல் சுமார் 60 மடங்கு. ஆகவே, பழைய நூல்களை ஒப்பிடுவோர் எண்ணோடு எண்ணை அல்ல, விகிதத்தோடு விகிதத்தையே ஒப்பிட வேண்டும்.

கி.பி. 8-ஆம் நூற்றாண்டில் இந்திய வானியல் பக்தாதை அடைந்தபோது யோசனையும் உடன் சென்றது. அல்-ஃபஸாரி தமது வானியல் கையேட்டில் அதனை 'ஜூன்' என்று அரபுமயமாக்கிப் பூமியின் சுற்றளவைக் குறித்தார். பின்னாளில் இந்தியாவைப் பற்றிப் பெருநூல் யாத்த அபூ ரைஹான் அல்-பிரூனி (பிறப்பு கி.பி. 973), யோசனை என்பது 8 மைல், அதாவது 32,000 முழம் என்று விளக்கினார். 4,000 முழம் ஒரு மைல். 3 மைல் ஒரு ஃபர்ஸக். இந்திய அளவை அரபு அளவாக்கும் வாய்பாடு இவ்வாறு உருவாயிற்று. ஆனால், இந்தியரின் ஃபர்ஸக்கை 16,000 முழம் எனக் கொண்டவர்களும் இருந்தனர். அவர்களைத் திருத்தவும் பிரூனி தவறவில்லை.

இதே சிக்கல்தான் கலீஃபா அல்-மஃமூனின் (ஆட்சி கி.பி. 813–833) புகழ்பெற்ற அளவீட்டுக்கும் காரணமாயிற்று. கிரேக்க நூல்களில் பூமியின் சுற்றளவு 'ஸ்டேடியம்' என்னும் அலகில் தரப்பட்டிருந்தது. அதன் நீளம் யாது என மஃமூன் வினவியபோது அறிஞர்கள் ஒன்றுபட்ட விடை தரவில்லை. எனவே, புதிதாகவே அளந்துவிடுமாறு அவர் ஆணையிட்டார். ஸிஞ்சார் சமவெளியில் வானியலார் வடக்கும் தெற்குமாகப் பிரிந்து சென்றனர். துருவத்தின் உயரம் ஒரு பாகை மாறும்வரை நடந்து, கடந்த தொலைவை அளந்தனர். அவர்கள் கண்ட அளவுகளுள் பாகைக்கு 56⅔ மைல் என்பதே அல்-ஃபர்ஃகானியின் நூல் வழியாக உலகெங்கும் பரவியது. பழைய அலகை மாற்ற இயலாதபோது, அறிந்த அலகில் மீண்டும் அளப்பதே வழி என்பதை மஃமூன் உணர்ந்திருந்தார்.

ஃபர்ஃகானி அதோடு நிற்கவில்லை. பூமியின் ஆரத்தை 3,250 மைலாகக் கொண்டு, விண்மீன்களின் தொலைவை 20,110 ஆரம், அதாவது 6,53,57,500 மைல் எனக் கணித்தார். தாலமியின் கோள அமைப்பிலிருந்து பெறப்பட்ட எண் இது. இன்று சூரியனின் தொலைவே பூமியின் ஆரத்தைப்போல் சுமார் 23,500 மடங்கு என அறிகிறோம். அன்றைய பேரண்டம் முழுவதும் இன்றைய சூரியத் தொலைவுக்குள் அடங்கிவிடுகிறது. பெருக்கலில் பிழையில்லை, அடிப்படை விகிதமே குறைபாடுடையது.

இதற்கு நேர்மாறான பிழையைச் செய்தவர் கொலம்பஸ். ஃபர்ஃகானியின் 56⅔ என்ற எண்ணை ஏற்ற அவர், சுமார் 2 கிலோமீட்டர் நீளமுள்ள அரபு மைலுக்குப் பதிலாக, 1½ கிலோமீட்டருக்கும் சற்றே குறைந்த உரோம மைலை வைத்துக் கணக்கிட்டார். பூமி கால் பங்கு சுருங்கிற்று. ஆசியா அருகில் வந்துவிட்டதாக அவருக்குத் தோன்றிற்று.

இவ்விடத்தில் நாம் நம்மையும் சற்று எச்சரித்துக்கொள்வது நலம். பிரூனி நந்தனா கோட்டையருகே மலையுச்சியிலிருந்து தொடுவானின் இறக்கக் கோணத்தை அளந்து பூமியின் ஆரத்தைக் கண்டார். அதனைக் கிலோமீட்டரில், தசம இடம் வரை துல்லியமாக எடுத்துக்காட்டிப் பெருமை கொள்ளும் கட்டுரைகள் பல. பிரூனி தந்தது முழக்கணக்கு. அது 1 கோடியே 28 இலட்சம் முழத்துக்குச் சற்று மேற்பட்டது. முழத்தை 49 சென்டிமீட்டராகக் கொண்டால் ஆரம் 6,270 கிலோமீட்டர் அளவிலும், 50 சென்டிமீட்டராகக் கொண்டால் 6,400 அளவிலும் அமையும். மெய்யான சராசரி 6,371. எந்த முழத்தைத் தேர்கிறோமோ அதற்கேற்பத் துல்லியம் கூடும், குறையும். அவருடைய மேதைமை அவர் கண்ட வழிமுறையில் இருக்கிறது. நாம் பின்னர் ஒட்டவைத்த தசமத்தில் இல்லை.

தற்கால வானியலும் இப்பாடத்தைக் கற்றே முன்னேறியது. கம்பைநல்லூருக்கு வடகிழக்கே ஜவ்வாது மலையில் உள்ள காவலூர் ஆய்வகத்தின் 2.3 மீட்டர் தொலைநோக்கி 1986-இல் வைனு பாப்புவின் பெயரைப் பெற்றது. அவருடைய தந்தையார் பணியாற்றியது, நவாப் ஸஃபர் ஜங் 1901-இல் ஹைதராபாத்தில் நிறுவிய நிஜாமியா வானாய்வகத்தில். இத்தகைய ஆய்வகங்களின் மொழியில் பூமிக்கும் சூரியனுக்கும் இடைப்பட்ட சராசரித் தொலைவு ஒரு வானியல் அலகு. அந்த அலகின் நீளம் ஒரு விகலைக் கோணமாகத் தோன்றும் தொலைவு ஒரு பார்செக். ஒரு பார்செக் 2,06,265 வானியல் அலகு, ஏறத்தாழ 3.26 ஒளியாண்டு. ஓர் ஒளியாண்டு சுமார் 9.46 இலட்சம் கோடி கிலோமீட்டர். சூரியனை அடுத்து நமக்கு மிக அண்மையிலுள்ள விண்மீனான பிராக்ஸிமா சென்டாரி 1.3 பார்செக், அதாவது 4.24 ஒளியாண்டுத் தொலைவில் உள்ளது. 1983-இல் மீட்டர் ஒளியின் வேகத்தோடு பிணைக்கப்பட்டது. 2012-இல் வானியல் அலகும் 149,59,78,70,700 மீட்டர் என வரையறுக்கப்பட்டது. ஸ்டேடியத்துக்கு நேர்ந்த கதி இவற்றுக்கு நேராதிருக்கச் செய்த ஏற்பாடு இது.

ஃபர்ஸக்கோ நமக்கு வெறும் வரலாற்றுச் சொல் அன்று. பயணத் தொழுகையைச் சுருக்குவதற்கு ஷாஃபிஈ சட்ட நூல்கள் கூறும் எல்லை 16 ஃபர்ஸக், அதாவது 48 மைல். அதனைக் கிலோமீட்டராக்குவோர் சிலர் 81 என்பர். சிலர் 88-க்கும் மேல் என்பர். வேறுபாடு சட்டத்தில் இல்லை. மைலின் நீளத்தில் இருக்கிறது. எண்ணைக் காணும்போது, 'இது யாருடைய மைல், எக்காலத்து முழம்?' என்று கேட்கும் பழக்கம் மஃமூனுக்கு இருந்தது. அவ்வினாவை நாமும் விடாது பேணுவோமாக.