தெளிப்பு முறை மென்படலச் சூரிய மின்கலம்

உலோக உப்புக் கரைசலை நுண்துளிகளாகத் தெளித்து, சூடான கண்ணாடியின் மேல் குறைக்கடத்திப் படலமாகப் படியவைத்து உருவாக்கப்படும் சூரிய மின்கலம். வெற்றிட அறை இல்லாமலே, எளிய கருவிகளைக் கொண்டு பெரிய பரப்பிலும் படலம் இடலாம்.

இதன் தொடக்கத்தை எங்கே வைப்பது என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. கண்ணாடியில் டின் ஆக்சைடைத் தெளித்து மின்கடத்தும் பூச்சு இடும் வழக்கம் 1940களிலேயே இருந்தது. அதையே மூலமாகக் கொள்வோர் உண்டு. மின்கலத்தைப் பொறுத்தவரை, சேம்பர்லின், ஸ்கார்மன் ஆகிய இருவரின் 1966ஆம் ஆண்டுக் கட்டுரைகளே பெரும்பாலும் சுட்டப்படுகின்றன. ஒஹாயோ மாநிலத்தின் டேட்டன் நகரில், கடைகளின் கல்லா இயந்திரங்களுக்குப் பெயர்பெற்ற நேஷனல் கேஷ் ரெஜிஸ்டர் நிறுவனத்தில் அவர்கள் பணியாற்றினர். அவர்கள் தெளித்த பொருளான காட்மியம் சல்பைடின் ஒளிமின்னழுத்த விளைவை ரேனால்ட்ஸ் குழுவினர் 1954இல் அறிவித்த ரைட்-பேட்டர்சன் விமானப்படைத் தளமும் அந்நகரை ஒட்டியதே.

சேம்பர்லின், ஸ்கார்மன் முறையின் வேதியியல் அழகானது. காட்மியம் குளோரைடும் தயோயூரியாவும் கரைந்த நீரைச் சில நூறு பாகை சூட்டிலுள்ள கண்ணாடியின் மீது தெளித்தால், காட்மியமும் கந்தகமும் கூடி மஞ்சள் படலமாகத் தங்கும். அமோனியம் குளோரைடும் கார்பன் டை ஆக்சைடும் ஆவியாய் அகன்றுவிடும். துளியின் அளவில்தான் நுட்பம் இருக்கிறது. துளி பெரிதானால் ஈரத்தோடு மோதிக் கண்ணாடியைக் குளிர்விக்கும். மிகச் சிறிதானால் வழியிலேயே வினை முடிந்து தூளாக விழும். வீகியே, ஸ்பிட்ஸ் ஆகியோர் 1975இல் துளி படியும் இவ்வழிகளை நான்கு வகைகளாகப் பிரித்தனர். துளி ஆவியாகி மேற்பரப்பில் வினைபுரியும் வகையே சிறந்தது என்பது பரவலான கருத்து. எல்லாப் பொருள்களுக்கும் அது பொருந்துமா என்பது முடிவாகவில்லை.

காட்மியம் சல்பைடு–தாமிர சல்பைடு கலங்களைத் தொழில்முறையில் தயாரிக்க, டெக்சாஸின் எல் பாசோ நகரிலிருந்த ஃபோட்டான் பவர் நிறுவனம் 1970களில் முயன்றது. தாமிரம் மெல்ல இடம்பெயர்வதால் இக்கலங்களின் திறன் நாளடைவில் குன்றியது. நிறுவனம் பின்னர் காட்மியம் டெல்லுரைடுக்கு மாறியது.

இந்தியாவில் டெல்லி ஐஐடியில் கே. எல். சோப்ரா குழுவினர் இத்துறையில் ஈடுபட்டனர். மென்படலச் சூரிய மின்கலங்கள் பற்றிச் சோப்ராவும் தாஸும் எழுதிய நூல் 1983இல் வெளிவந்தது. கொச்சிப் பல்கலைக்கழகத்தில் கே. பி. விஜயகுமார் குழுவினர், காட்மியத்தைத் தவிர்த்து, தாமிர இண்டியம் சல்பைடும் இண்டியம் சல்பைடும் தெளித்துச் செய்த கலத்துக்கு 9.5 விழுக்காட்டுத் திறன் இருப்பதாக 2005இல் அறிவித்தனர்.

பெரோவ்ஸ்கைட்டு என்னும் படிக அமைப்புடைய பொருள்களையும் இன்று தெளிக்கிறார்கள். 2014இல் ஷெஃபீல்டு பல்கலைக்கழகக் குழு மீயொலித் தெளிப்பான் கொண்டு சுமார் 11 விழுக்காட்டை எட்டியது. அங்கே தெளிப்பின் வேலை கரைசலைப் பரப்புவது மட்டுமே. படிகமாவது பின்னர் என்பதால், அதை இம்முறையில் சேர்க்கத் தயங்குவோரும் உள்ளனர்.