முன்சலவை (ஒட்டுப்போர்வை)

முன்சலவை என்பது ஒட்டுப்போர்வைக்குரிய துணிகளை வெட்டுவதற்கு முன்னரே நீரில் அலசி, உலர்த்தி, தேய்த்து வைப்பதாகும். குவில்ட் எனவும் அழைக்கப்படும் ஒட்டுப்போர்வை, துண்டுத் துணிகளை இணைத்த மேல்துணி, நடுவே பஞ்சு அடுக்கு, அடித்துணி ஆகிய மூன்றையும் சேர்த்துத் தைத்ததாகும். முன்சலவை தேவையா என்பதில் தைப்போரிடையே இருவேறு கருத்துகள் உள்ளன.

சுருங்குதல்

நெசவின்போதும் பதனிடும்போதும் பருத்தி நூல்கள் இழுத்துப் பிடிக்கப்படுகின்றன. துணி நனைந்ததும் இழைகள் பருத்து, இழுவிசை தளர்ந்து, துணி சுருங்குகிறது. பாவு நூலின் திசையில் இது பெரும்பாலும் மிகுதியாக இருக்கும். 80 அங்குல நீளமுள்ள போர்வை 3% சுருங்கினால் 2.4 அங்குலம் குறையும். எல்லாத் துணிகளும் ஒரே அளவில் சுருங்கினால் பெருந்தீங்கில்லை. வெவ்வேறு அளவில் சுருங்கும்போதே தையல்கள் இழுபட்டுக் கோணுகின்றன. ஆகவே துவைத்த துணியையும் துவைக்காத துணியையும் ஒரே போர்வையில் கலப்பது தவிர்க்கப்படுகிறது.

சாயம் போதல்

பருத்திக்குப் பரவலாகப் பயன்படும் வினைபுரி சாயங்கள் 1956இல் விற்பனைக்கு வந்தன. இவை செல்லுலோசுடன் வேதிப்பிணைப்பால் இணைகின்றன. பிணையாமல் எஞ்சிய சாயம் ஆலையில் நன்கு கழுவப்படாவிடில், வீட்டுச் சலவையில் வெளியேறி அருகிலுள்ள வெளிர்நிறத் துணியில் ஏறும். அடர்சிவப்பு, கருநீலம் போன்ற நிறங்களில் இது தெளிவாகத் தெரியும். 1960களில் அமெரிக்காவில் புகழ்பெற்ற மெட்ராஸ் கட்டத்துணிக்குச் சலவைதோறும் நிறங்கள் ஒன்றோடொன்று கலப்பதே சிறப்பாகக் கூறப்பட்டது. ஒட்டுப்போர்வையிலோ அத்தகைய கலப்பு பல மாத உழைப்பைக் கெடுத்துவிடும்.

முன்சலவையைத் தவிர்ப்பதற்கான காரணங்கள்

* புதுத் துணியின் கஞ்சி விறைப்பு, துல்லியமாக வெட்டவும் தைக்கவும் உதவுகிறது.
* வெட்டியே விற்கப்படும் 5 அங்குலச் சதுரங்களும் 2.5 அங்குலப் பட்டைகளும் துவைத்தால் ஓரம் பிரிந்து அளவு குறையும்.
* தைத்தபின் துவைத்தால் துணியும் பருத்திப் பஞ்சும் சேர்ந்து சுருங்கி, பழம்போர்வைகளில் காணப்படும் மென்சுருக்கங்கள் தோன்றும். இத்தோற்றத்தைப் பலர் விரும்புகின்றனர்.

சோதித்தறிதல்

துணியிலிருந்து 10 அங்குலச் சதுரம் ஒன்றை வெட்டி, போர்வையைத் துவைக்க எண்ணியுள்ள அதே வெப்பநிலை நீரில் ஊறவைக்க வேண்டும். பின்னர் ஈரத்துடனேயே வெள்ளைத் துணிமீது பரப்பி உலர்த்த வேண்டும். பக்கம் 9.5 அங்குலமானால் சுருக்கம் 5% ஆகும். வெள்ளைத் துணியில் கறை படிந்தால் முழுத் துணியையும் நீர் தெளியும்வரை அலச வேண்டும். பலமுறை அலசியும் தெளியாத துணியை வெளிர்நிறங்களுடன் சேர்க்காமல் விடுவதே நன்று. சுருக்கத்தைத் தைக்கும் முன் கணக்கிட்டு ஈடுசெய்யலாம். தைத்தபின் ஏறிய கறையை நீக்குவது கடினம்.