கொழும்பில் மென்பொருட் பதிப்பெண்கள்: அக்சிஸ் முதல் காபன் வரை

சி. வை. தாமோதரம்பிள்ளை தொல்காப்பியம் முழுவதையும் ஒருங்கே அச்சேற்றினாரல்லர். சொல்லதிகாரம் சேனாவரையர் உரையுடன் 1868 இலும், பொருளதிகாரம் 1885 இலும் அவர்தம் முயற்சியால் வெளிவந்தன. நூல் ஒன்று, பகுதிகளின் பதிப்பாண்டுகளோ வேறு வேறு. பதிப்பு வரலாறு பயில்வோர்க்குப் பழகிய இந்நிலை, இருபத்தோராம் நூற்றாண்டின் தொடக்கத்திற் கொழும்பிலே பிறிதொரு துறையிற் சிக்கலாக உருவெடுத்தது. பல கூறுகளாற் கட்டப்படும் மென்பொருளொன்றில் எல்லாக் கூறுகளும் ஒரே பதிப்பெண்ணைத் தாங்குவதா, ஒவ்வொன்றும் தனக்கெனத் தனியெண் கொள்வதா என்பதே அச்சிக்கல்.

2003 இல் லங்கா மென்பொருள் மன்றம் நிறுவப்பட்டது. மறு ஆண்டு ஆகஸ்ட் மாதத்திற் கொழும்பிற் கூடிய பொறியியலாளர், கணினிகள் வலையினூடே தமக்குள் செய்தி பரிமாறுவதற்கான அக்சிஸ்-2 என்னும் மென்பொருளின் அமைப்பை வகுத்தனர். அதன் 1.0 பதிப்பு 2006 மே மாதத்தில் அப்பாச்சி நிறுவனத்தின் வழியே வெளிவந்தது. அதனைச் சூழக் கிளைத்தவற்றுள் ஒன்று, செய்தி வழுவாது சென்று சேர்வதை உறுதிசெய்யும் ‘சந்தேச’. தமிழிலே தூது என்பது சிங்களத்திற் சந்தேசம். பெயரிட்டோர் இலக்கியமும் அறிந்தவர் போலும்.

இக்குடும்பத்திலேயே இருவகை வழக்கும் காணப்பட்டன. பாதுகாப்புக்குரிய ‘ரம்பாட்’ மூத்ததன் எண்ணைப் பின்பற்றியது, அக்சிஸ் 1.3 இற்கு ரம்பாட் 1.3, 1.4 இற்கு 1.4. ஆனால் முதலில் அக்சிஸின் உள்ளுறுப்பாகவே பிறந்த ‘அக்சியம்’ தனித்துப் பிரிந்து தன்னெண் கொண்டது. முன்னைய வழக்கில் எவை ஒன்றோடொன்று பொருந்தும் என்பதைப் பயன்படுத்துவோர் பார்த்தவுடன் அறிவர். எனினும், ஒரு வரியேனும் மாறாத கூறும் புதிய எண் பெறுவதால் அவ்வெண் மாற்றத்துக்குச் சான்றாகாது. பின்னையதில் எண் உண்மை பேசும். பொருத்தத்தை அறியத் தனிப் பட்டியல் தேவைப்படும்.

இக்கணக்கைக் காக்கும் கருவியாக அமைந்தது மேவன். அதன் இரண்டாம் பதிப்பு 2005 இல் வெளிவந்தது. ஒவ்வொரு கூறும் தன் விவரணக் கோப்பில் தன்னெண்ணையும் தான் சார்ந்தவற்றின் எண்களையும் எழுதும். பொதுவான எண்களைப் பெற்றார்க் கோப்பு ஓரிடத்தில் வைத்திருக்கும். ஆயின் பெற்றாரின் எண்ணையும் பிள்ளைகள் தத்தம் கோப்பில் எழுதியாக வேண்டும். நூற்றுக்கணக்கான கூறுகளில் அதனை ஒருங்கே மாற்றுவது சிறு வேலையன்று. எண்ணுக்குப் பதிலாக ஒரு மாறியை அங்கு எழுதும் வசதி 2017 இல், 3.5.0 பதிப்பிலேயே செம்மையாகக் கிட்டியது.

சிக்கல் முற்றியது காபனிலேயே எனலாம். 2005 இல் சஞ்சீவ வீரவரணவும் பிறரும் தொடங்கியதும், பின்னாளில் வெள்ளவத்தைக்கு வடக்கே கொள்ளுப்பிட்டி பாம் குரோவில் அலுவலகம் அமைத்ததுமான டபிள்யூ.எஸ்.ஓ.2 நிறுவனம் 2009 இல் காபன் என்னும் பொதுத்தளத்தை வெளியிட்டது. எல்லா உற்பத்திகளும் அத்தளத்தின் மீதே கட்டப்பட்டன. பிறர் ஆக்கிய மென்பொருளைத் தளத்துக்கேற்பத் திருத்திப் பொதிந்தபோது, மூலத்தின் எண்ணை அழியாது அதன் வாலில் தம் குறியைச் சேர்த்தனர்: அக்சிஸ் 1.6.1 இன் பத்தாவது திருத்தம் ‘1.6.1.டபிள்யூ.எஸ்.ஓ.2வி10’ ஆயிற்று. மூலபாடத்தையும் உரையாசிரியர் கையையும் பிரித்துக் காட்டும் இம்முறை பாராட்டத்தக்கது.

2013 இன் 4.2.0 தளத்திலே, மாறாத கூறு 4.2.0 ஆகவே நிற்க, மாறியது 4.2.1, 4.2.2 என வளர்ந்தது. எண்ணே கோப்புறையின் பெயராயிற்று. அத்தளத்தின் மீது ஈ.எஸ்.பி. 4.8.1, ஐடென்டிட்டி சேர்வர் 5.0.0, ஏ.பி.ஐ. மனேஜர் 1.7.0 ஆகியன எழுந்தன. நான்கு எண்களும் தம்முள் ஒவ்வாதன. எனினும் அடித்தளம் ஒன்றே. ‘4.2’ என்பது ஒரு பொருளின் பெயராக இராது ஒரு காலத்தின் பெயராகிவிட்டதென்றே கொள்ள வேண்டும். பின்னர் மூலநிரல் கிற்ஹப் களஞ்சியங்களுக்குப் பெயர்ந்தபோது, கருவும் ஏனைய தொகுதிகளும் தனித்தனியே வெளியிடப்பட்டன; எதனோடு எது பொருந்தும் என்பதை ஒவ்வோர் உற்பத்தியின் பெற்றார்க் கோப்பும் தானே கூறவேண்டியதாயிற்று. இது சுமையே. ஆயினும் ஓரிடத்துப் பிழையைத் திருத்த முழுத்தளத்தையும் மீளக் கட்டும் சுமையினும் இது சிறிது.

2021 டிசம்பரில் லொக்4ஜே என்னும் ஜாவாக் கூறில் பெருங்குறை வெளிப்பட்டது. அம்மாதத்துக்குள்ளேயே 2.15.0, 2.16.0, 2.17.0 எனத் திருத்தங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. முன்னைய திருத்தம் போதாதென அடுத்தது கூறிற்று. உலகெங்கும் கணினி நிருவாகிகள் தத்தம் மென்பொருளின் உள்ளே எந்த எண் உறைகின்றதெனத் தேடினர். பெயரிலே மூலத்தின் எண்ணைத் தாங்கிய பொதிகளை உடனே இனங்காண முடிந்தது. வேறொன்றினுள் எண்ணின்றிப் புதைந்தவற்றைத் திறந்து பார்க்க வேண்டியிருந்தது.