பெருந்தொற்றுக் காலத்தில் மருத்துவர் மனநலம்: பதுளையும் ஊவாத் தோட்டங்களும்

தொற்றுநோய் பரவும் காலத்தில் சிகிச்சை அளிப்போரிடம் காணப்படும் தூக்கமின்மை, பதற்றம், மனச்சோர்வு, பணிச்சோர்வு, குற்றவுணர்வு ஆகியவை பெருந்தொற்றுக் கால மருத்துவர் மனநலம் என்ற தலைப்பின் கீழ் வருகின்றன. கொவிட்-19 காலத்தில் உலகெங்கும் மருத்துவமனைகளில் இவை காணப்பட்டன. இலங்கையின் ஊவா மாகாணத்தில், அதிலும் பதுளை மாவட்டத்துத் தேயிலைத் தோட்டங்களைப் பார்க்கவேண்டிய வைத்தியர்களுக்கு, இன்னொரு பாரமும் சேர்ந்தது. நோயாளியால் கடைப்பிடிக்கவே முடியாது என்று தெரிந்த ஆலோசனையை நாள்தோறும் சொல்லவேண்டியிருந்தது. கிருமிப் பயத்தைவிட அதுவே கனத்தது என்பது இக்கட்டுரையின் கணிப்பு.

தியத்தலாவையில் தொடக்கம்

இலங்கையின் முதல் கொவிட் நோயாளி 2020 ஜனவரி 27 அன்று உறுதிசெய்யப்பட்டார். சீனாவிலிருந்து வந்த சுற்றுலாப் பயணி. அங்கொடை தொற்றுநோய் வைத்தியசாலையில் அவர் குணமடைந்தார். சில நாள்களில் நோய்த்தடுப்புப் பணி பதுளை மாவட்டத்துக்கே வந்து சேர்ந்தது. வுஹானில் படித்த 33 இலங்கை மாணவர்கள் பெப்ரவரி 1 அன்று மத்தளை விமான நிலையத்தில் இறங்கி, நேரே தியத்தலாவை இராணுவ முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். போயர் போர்க் கைதிகளை 1900இல் பிரித்தானியர் அடைத்துவைத்திருந்த மலையூர்தான் அது. இரண்டு வாரத்தில் மாணவர்கள் நலமாக வீடு திரும்பினர். நாட்டின் முதல் தனிமைப்படுத்தல் பிசகில்லாமல் முடிந்ததை அப்போது எல்லோரும் மெச்சினார்கள்.

மார்ச் 20 முதல் ஊரடங்கு. பதுளை கொழும்பிலிருந்து சுமார் 230 கிலோமீட்டர் தூரம். உள்ளகப் பயிற்சியையோ முதல் நியமனத்தையோ ஊவாவில் பெற்ற இளம் வைத்தியர்களில் பலர் வேறு மாகாணத்துக்காரர்கள். வார இறுதியில் வீடு போய்வரும் வழக்கம் நின்றது. விடுதி அறை, வார்டு, மறுபடி விடுதி அறை என்று நாள்கள் ஓடின. வீட்டில் வயதான தாய் தகப்பன் இருந்தவர்கள், போக வாய்த்த போதும் தொற்றைக் கொண்டுபோய்விடுவோமோ என்று தயங்கினர்.

லயமும் ஆஸ்பத்திரியும்

தோட்ட மக்களின் மருத்துவம் தொடக்கத்திலிருந்தே தனித் தடத்தில் போனது. கோப்பிக் காலத்தில், 1872இல், தொழிலாளருக்கு வைத்திய வசதி செய்துதரத் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. 1912இல் அது விரிவாக்கப்பட்டது. செலவில் தோட்ட முதலாளியும் பங்கேற்கும் ஏற்பாடு அது. அந்த வழியில் வந்த தோட்ட ஆஸ்பத்திரியில் பெரும்பாலும் எம்.பி.பி.எஸ். படித்த டாக்டர் இருப்பதில்லை. தோட்ட வைத்திய உதவியாளரே அங்கு எல்லாம். 1990களில் தொடங்கிச் சில ஆஸ்பத்திரிகளை அரசு பொறுப்பேற்றது, பல அப்படியே இருந்தன. நோய் முற்றினால் தோட்ட வண்டியிலோ ஓட்டோவிலோ பசறை, பண்டாரவளை, ஹப்புத்தளை, அதையும் தாண்டினால் பதுளை. மாகாணத்தின் தலைமை வைத்தியசாலை பதுளையில்தான் இருக்கிறது. மொனராகலை மாவட்டத்தின் கடும் நோயாளிகளும் அங்கே அனுப்பப்படுவதுண்டு.

2020 ஒக்டோபரில் மினுவாங்கொடை ஆடைத் தொழிற்சாலையிலும் பிறகு பேலியகொடை மீன் சந்தையிலும் தொற்று வெடித்ததும், மலையகத்தில் எல்லோர் கண்ணும் தீபாவளிப் பயணத்தின் மேல் விழுந்தது. கொழும்புக் கடைகளிலும் வீடுகளிலும் வேலைசெய்யும் தோட்டத்துப் பிள்ளைகள் வருடத்தில் ஒருமுறையாவது ஊர் வருவது தீபாவளிக்குத்தான். நவம்பர் 14 பண்டிகையை ஒட்டி மேல் மாகாணத்தை விட்டு வெளியேறத் தடை போட்டார்கள். ஆனால் வேலை இழந்தவர்கள் அதற்கு முன்பே திரும்பத் தொடங்கியிருந்தனர்.

தொற்று உறுதியானவரின் தொடர்பாளர்களுக்குச் சுகாதார வைத்திய அதிகாரி சொல்லவேண்டியது ஒன்றுதான்: தனி அறையில் இருங்கள், தனிக் கழிவறையைப் பயன்படுத்துங்கள், பதினான்கு நாள் வெளியே வராதீர்கள். தொழிலாளர் வாழும் வரிசைவீடான லயத்தில் ஒரு காம்பரா ஏறக்குறைய பத்தடிக்குப் பன்னிரண்டடி. அதற்குள் அடுப்பு, கட்டில், பிள்ளைகள், பாட்டி. பீலித் தண்ணீரும் கழிவறையும் பல குடும்பங்களுக்குப் பொது. ஒரு லயம் மூடப்பட்டால் அதிலுள்ளவர்கள் பிரட்டுக்கு, அதாவது காலை வேலைப் பதிவுக்கு, போக முடியாது; போகாவிட்டால் அன்றைய பேர் இல்லை, சம்பளமும் இல்லை. நாட்சம்பளம் 1000 ரூபாய் என்று வர்த்தமானியில் வந்ததே 2021 மார்ச்சில்தான். தனிமைப்படுத்தப்பட்ட குடும்பத்துக்கு 10,000 ரூபாய் பெறுமதியான உலர் உணவுப் பொதி கொடுக்கப்பட்டது, உண்மை. பதினான்கு நாளைக்கு அது எந்த மட்டுக்குப் போதும் என்பது கணக்குத் தெரிந்தவர்களுக்குப் புரியும். காய்ச்சலை மறைத்தவர்களை அறியாமைக்காரர் என்று திட்டுவது சுலபம். மறைப்பதற்கான காரணம் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் டாக்டருக்கும் நன்றாகவே தெரியும், அவர்கள் மனதை அரித்ததும் அதுதான்.

இந்த நிலையை மனநல இலக்கியம் மனச்சாட்சிக் காயம் என்ற தலைப்பில் பேசுகிறது. வியட்நாம் போரிலிருந்து திரும்பிய அமெரிக்க வீரர்களிடம் ஜொனதன் ஷே என்ற மனநல மருத்துவர் இனங்கண்ட கருத்து அது: சரி என்று தெரிந்ததைச் செய்யமுடியாமல் போவதால், அல்லது தவறென்று தெரிந்ததற்குத் துணைபோவதால் வரும் காயம். பணிச்சோர்வு வேறு. உலக சுகாதார நிறுவனம் 2019இல் அதை நோயாக அல்லாமல் தொழில்சார் நிலையாக வகைப்படுத்தியது. பணிச்சோர்வுக்கு ஓய்வும் ஆளணியும் மருந்து. மனச்சாட்சிக் காயம் விடுமுறையால் ஆறாது.

உடல் தகன விதியும் இதே வகைதான். 2020 ஏப்ரல் முதல் 2021 பெப்ரவரி வரை கொவிட்டால் இறந்த எவரையும் அடக்கம் செய்ய அரசு அனுமதிக்கவில்லை. நிலத்தடி நீரால் தொற்று பரவும் என்ற காரணம் உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டலுக்கு ஒத்ததல்ல. முஸ்லிம் குடும்பத்தினர் முன் நின்று அதைச் சொல்லவேண்டிய கடமை வைத்தியசாலை ஊழியர் தலையில் விழுந்தது.

2021

ஜனவரி 29 அன்று சுகாதார ஊழியர்களுக்குத் தடுப்பூசி தொடங்கியது. நான்கு நாளில், பெப்ரவரி 2 அன்று, றாகமை வைத்தியசாலையில் பணிபுரிந்த 32 வயது மருத்துவர் கொவிட்டால் இறந்தார். இலங்கையில் இந்நோய்க்குப் பலியான முதல் மருத்துவர். சமவயதுக்காரரின் மரணம் இளம் டாக்டர்களிடையே எத்தகைய அச்சத்தை விதைத்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. அதற்குச் சில வாரம் முன்புதான் கேகாலையில் ஒருவர் கொவிட்டுக்கு மருந்தென்று காய்ச்சிய பாணிக்காக ஆயிரக்கணக்கானோர் வரிசையில் நின்றனர், அமைச்சர்களும் அருந்திக் காட்டினர். வார்டில் பாதுகாப்பு அங்கிக்குள் வியர்த்துக்கொண்டிருந்தவருக்கு இது அவமானமாகவும் பட்டது.

டெல்டா அலை ஓகஸ்டில் உச்சம் தொட்டது. மாத இறுதியில் நாடளாவிய மரணங்கள் நாளொன்றுக்கு 200ஐத் தாண்டின. ஓகஸ்ட் 20 முதல் ஒக்டோபர் 1 வரை நாடு மூடப்பட்டது. ஒட்சிசன் தேவை எகிறியது, தீவிர சிகிச்சைக் கட்டில்கள் எங்கும் போதவில்லை. முகக்கவசமும் கண்ணாடியும் மாட்டிய சிங்கள டாக்டர், மூச்சு வாங்கும் தமிழ்ப் பாட்டியிடம் வருத்தம் எப்போது தொடங்கியது என்று கேட்பதற்கே தாதியையோ சிற்றூழியரையோ தேடவேண்டியிருந்தது. உறவினர் அருகில் இருந்திருந்தால் மொழிபெயர்த்திருப்பார்கள். அவர்களை உள்ளே விடவில்லை.

உலக அனுபவம்

சீனாவின் 34 மருத்துவமனைகளில் 1,257 சுகாதாரப் பணியாளர்களிடம் 2020 தொடக்கத்தில் நடத்திய ஆய்வில் 50.4 விழுக்காட்டினருக்கு மனச்சோர்வின் அறிகுறிகளும் 34 விழுக்காட்டினருக்குத் தூக்கமின்மையும் தெரிந்தன. சென்னையில் 2020 ஏப்ரலில் கொவிட்டால் இறந்த நரம்பியல் அறுவை மருத்துவர் சைமன் ஹெர்குலிஸின் உடலை அடக்கம் செய்யப்போனவர்கள் கல்லடி பட்டார்கள். அவரது நண்பரான இன்னொரு மருத்துவரே குழியை மூடவேண்டியிருந்தது. சுகாதாரப் பணியாளருக்காக இந்தியா கைதட்டி ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. 2003 சார்ஸ் காலத்துக்குப் பிறகு டொரொண்டோவில் நடந்த ஆய்வு, ஓராண்டு கடந்தும் அங்குள்ள மருத்துவமனை ஊழியரிடம் பணிச்சோர்வு கூடுதலாக இருந்ததைக் காட்டியது. அலை ஓய்ந்ததும் ஆலோசனைச் சேவையை மூடிவிடுவது எத்தனை தவறு என்பதற்கு அந்த முடிவே போதும்.

உதவி தேடுவதில் உள்ள முடிச்சு

அங்கொடை தேசிய மனநல நிறுவனத்தின் 1926 தொலைபேசிச் சேவை எந்நேரமும் இயங்குகிறது. 1974இல் தொடங்கிய சுமித்ரயோ அமைப்பும் மனம் விட்டுப் பேச இடமளிக்கிறது. மாவட்டங்களில் மனநல மருத்துவ அதிகாரிகள் இருக்கிறார்கள். பொதுமக்களுக்கு இவை பயன்படும். ஆனால் பதுளை போன்ற ஊரில் ஒரு டாக்டர் மனநலக் கிளினிக்குக்குப் போனால், டிக்கட் எழுதுபவர் முதல் மருந்து கொடுப்பவர் வரை எல்லோரும் அவருக்குக் கீழோ கூடவோ வேலைசெய்பவர்கள். பார்க்கப்போகும் வைத்தியரோடு அன்று மதியம் ஒரே கெண்டீனில் சாப்பிடவேண்டும். ஆகவே சிலர் தமக்குத் தாமே தூக்க மாத்திரை எழுதிக்கொள்ளும் ஆபத்தான வழிக்கே தள்ளப்படலாம். வேறு மாகாணத்து மனநல வைத்தியரைத் தொலைபேசியில், பெயர் பதியாமல் அணுகும் ஏற்பாடு செலவு குறைந்தது. ஒழுங்கான பணிமுறைப் பட்டியல் அதைவிட மலிவு. ‘சுகாதார வீரர்’ என்று மேடையில் புகழ்வது அதைவிடவும் மலிவு என்பதால்தான் எங்கும் அதுவே நடந்தது.

2022க்குப் பின்

பொருளாதார நெருக்கடி ஓய்வுக்கு இடம் வைக்கவில்லை. எரிபொருள் வரிசை, மருந்துத் தட்டுப்பாடு, சத்திரசிகிச்சைகளை ஒத்திவைப்பது என்று அடுத்த சுற்று தொடங்கியது. பெரும் எண்ணிக்கையில் மருத்துவர்கள் பிரித்தானியாவுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் புறப்பட்டனர். சம்பளமும் வரியும் காரணமாகச் சொல்லப்பட்டன, பொய்யில்லை. முந்திய இரண்டு ஆண்டுகளின் களைப்பையும் அவற்றோடு சேர்த்தே எண்ணவேண்டும். ஒருவர் போனால் நகரத்து வைத்தியசாலையில் பட்டியலை மாற்றி எழுதிச் சமாளிக்கலாம். இரண்டு டாக்டர்கள் மட்டும் உள்ள தோட்டப்புறப் பிரதேச வைத்தியசாலையில் மிஞ்சியவர் இரவும் பகலும் ஒருவரே.