மோரிஸ் மைனரும் ஒரு டப்பா பட்டியும்

பழைய கார் ஒன்றை வீட்டிலேயே புதுப்பிக்கலாம் என்று இறங்குபவர்களுக்கு முதலில் கண்ணில் படுவது பெயின்ட்தான். பளபளவென்று இரண்டு கோட் அடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது என்று நினைப்பு. ஆனால் அந்தப் பெயின்டுக்கு அடியில் என்ன இருக்கிறது என்பதுதான் உண்மையான கதை. அதைச் சொல்ல பிரிட்டனின் மோரிஸ் மைனரை விடப் பொருத்தமான கார் கிடைப்பது கஷ்டம்.

தோலே எலும்பு

1920கள், 30களில் வந்த பெரும்பாலான கார்களுக்கு அடியில் தனியாக ஒரு இரும்புச் சட்டம் இருக்கும். அதுதான் சேஸிஸ். எஞ்சின், ஸ்பிரிங், ஸ்டீயரிங் எல்லாம் அதில் மாட்டப்பட்டிருக்கும். மேலே உள்ள பாடி, உடம்புக்குச் சட்டை மாதிரி. சட்டை கிழிந்தால் ஒட்டுப் போடலாம், எலும்புக்கு ஒன்றும் ஆகாது.

1948ல் லண்டன் எர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் மோரிஸ் மைனர் அறிமுகமானது. வடிவமைத்தவர் அலெக் இஸ்ஸிகோனிஸ், பின்னாளில் மினி காரை உருவாக்கிய அதே மனிதர். இந்தக் காரில் முழு நீளத்துக்குத் தனி சேஸிஸ் கிடையாது. தரைத்தகடு, கதவுக்குக் கீழே பெட்டி போல ஓடும் சில், தூண்கள், கூரை எல்லாவற்றையும் சேர்த்து வெல்டிங் செய்து, அந்தக் கூடே பாரத்தைத் தாங்கும்படி செய்தார்கள். அதாவது, இங்கே தோல்தான் எலும்பு!

ஒரு சுவாரஸ்யமான விஷயம். உற்பத்திக்குப் போகும் நேரத்தில், கார் மிகவும் ஒல்லியாக இருப்பதாக இஸ்ஸிகோனிஸுக்குத் தோன்றியது. மாதிரிக் காரை நெடுக்குவாக்கில் இரண்டாக அறுத்து, பாதிகளைத் தள்ளித் தள்ளி வைத்துப் பார்த்து, கடைசியில் 4 அங்குலம் அகலமாக்கினார். இன்றும் மைனரின் பானட்டுக்கு நடுவே தெரியும் அந்தப் பட்டை, அந்த 4 அங்குலத்தின் அடையாளம்தான்.

பத்து லட்சம் விற்ற முதல் பிரிட்டிஷ் கார் இதுதான். மொத்தம் 16 லட்சத்துக்கும் மேல் தயாரானது. ஆனால் பிரிட்டனின் மழையும், குளிர்காலத்தில் பனி உருகச் சாலையில் தூவும் உப்பும் இரும்புக்கு எமன். உப்புச் சேறு மட்கார்டுக்குள் அப்பிக்கொள்ளும். சில்லுக்குள் புகுந்த ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளிருந்தே அரிக்கும். வெளியே சின்னக் கொப்புளம் தெரியும்போது உள்ளே தகடு சல்லடையாகியிருக்கும்.

ஈயம் போய் பட்டி வந்தது

தகட்டில் உள்ள பள்ளத்தை நிரப்ப அந்தக் காலத்தில் ஈயத்தைத்தான் பயன்படுத்தினார்கள். சுமார் 70 பங்கு ஈயம், 30 பங்கு வெள்ளீயம். இந்தக் கலவை 183 டிகிரி செல்சியஸில் இளக ஆரம்பித்தாலும் முழுதாக உருக 250 டிகிரியைத் தாண்ட வேண்டும். இடைப்பட்ட நிலையில் வெண்ணெய் மாதிரி இருக்கும். அப்போது மரக்கரண்டியால் தடவி, ஆறியதும் அரத்தால் ராவுவார்கள். வருடக்கணக்கில் பழகினால்தான் கை வரும். ஈயத்தூள் உடம்புக்கு விஷம் வேறு.

1950களில் அமெரிக்காவில் பாலியஸ்டர் பிசினும் டால்க் மாவும் கலந்த பட்டி சந்தைக்கு வந்தது. இரண்டு டியூப் பசையைக் கலக்குகிற மாதிரி கலந்து, தடவி, சிறிது நேரத்தில் எமரி பேப்பர் போட்டுத் தேய்த்துவிடலாம். நம் ஊர் ஷெட்டுகளில் 'பட்டி பார்ப்பது' என்பார்களே, அதே சங்கதிதான். யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்றானது. அங்கேதான் சிக்கலும் ஆரம்பித்தது.

மெல்லிய பள்ளத்தை மூடுவதற்காக வந்த பட்டியை, துருப்பிடித்த ஓட்டைக்குள் செய்தித்தாளைத் திணித்து அதன் மேல் அப்ப ஆரம்பித்தார்கள். சேஸிஸ் தனியாக இருந்த காலத்தில் அது அழகுப் பிரச்சினை. தோலே எலும்பான காரில் அது உயிர்ப் பிரச்சினை. பட்டிக்குப் பாரம் தாங்கும் சக்தி கிடையாது. பளபளக்கும் சில்லுக்குள் இரும்பே இல்லாவிட்டால், மோதும்போது கார் எங்கே மடங்கும் என்று சொல்ல முடியாது.

வணிகவியலில் இதற்கு 'விண்டோ டிரெஸ்ஸிங்' என்று பெயர். நஷ்டத்தை மறைத்து இருப்புநிலைக் குறிப்பை அழகாகக் காட்டுவது. வாங்குபவர் ஏமாறுவார், ஆனால் நஷ்டம் எங்கும் போய்விடாது.

கணக்குப் போட்ட மனிதர்

1970களில் பாத் நகரில் சார்லஸ் வேர் என்பவர் மைனர் கார்களுக்கென்றே ஒரு நிலையம் தொடங்கினார். அவருடைய வாதம் சுத்தமான கணக்கு. புதுக் கார் வாங்கினால் ஆரம்ப வருடங்களிலேயே தேய்மானம் பெரும் பணத்தை விழுங்கிவிடும். பழைய மைனருக்கு அந்தத் தேய்மானம் ஏற்கெனவே முடிந்துவிட்டது. அந்தப் பணத்தைத் துரு நீக்கவும் தகடு மாற்றவும் ஒழுங்காகச் செலவழித்தால் கார் பல பத்தாண்டுகள் ஓடும். 1982ல் இதை ஒரு புத்தகமாகவே எழுதினார். மைனர்கள் ஏராளமாக ஓடிய இலங்கையில், 1990களில் இதற்கான புதுத் தகடுகளைத் தயாரிக்கவும் ஏற்பாடு செய்தார்.

ஆனால் இந்தக் கணக்கு பலிக்க ஒரே நிபந்தனை: வேலை உண்மையாக இருக்க வேண்டும்.

வீட்டில் செய்பவர்கள் எப்படிச் செய்கிறார்கள்?

முதல் ஆயுதம் ஒரு சாதாரணக் காந்தம். மெல்லிய துணியில் சுற்றித் தகட்டின் மேல் நகர்த்தினால், கனமாகப் பட்டி அப்பிய இடத்தில் ஒட்டாது. அந்த இடத்தைச் சுரண்டி, பளிச்சென்ற நல்ல இரும்பு தெரியும்வரை வெட்டி எடுக்க வேண்டும். துருவின் மேல் வெல்டிங் பிடிக்காது.

மைனரின் நான்கு மட்கார்டுகளும் போல்ட் போட்டு மாட்டியவை. கழற்றி மாற்றுவது சுலபம். சில்தான் பரீட்சை. இரண்டு பக்கத்தையும் ஒரே சமயத்தில் வெட்டினால் கார் நடுவில் தொய்ந்து, அப்புறம் கதவே மூடாது. அதனால் அடியில் முட்டுக் கொடுத்து, கதவு இடைவெளியில் குறுக்குச் சட்டம் வைத்து, அளவு குறித்துக்கொண்டு, ஒரு பக்கத்தை முடித்த பிறகே மறுபக்கம். மேல்கூரை இல்லாத கன்வெர்டிபிள் மாடலுக்கு இது இன்னும் முக்கியம்.

வெல்டிங்குக்கு முன் பேட்டரி, பெட்ரோல் டேங்க் இரண்டையும் கழற்றி அப்புறப்படுத்த வேண்டும். தகடு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் தடிமன்தான். ஒரே இழுப்பில் வெல்டிங் செய்தால் சூட்டில் அப்பளமாக நெளியும். அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சின்னச் சின்னதாக வைத்து, ஆறவிட்டு, கடைசியில் இடைவெளிகளை நிரப்புவார்கள். முடிந்ததும் சில்லுக்குள் மெழுகு பீச்சி ஈரத்தைத் தடுப்பார்கள். வெளியே யாருக்கும் தெரியாத வேலை இது. ஆனால் இதைத் தவிர்த்தால் சில வருடங்களில் மறுபடி அதே துரு.

பட்டிக்கும் இடம் உண்டு. ஆனால் கடைசியில், நல்ல இரும்பின் மேல், இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு மிகாமல்.

யாரும் பார்க்காதபோது

பிரிட்டனில் பழைய கார்களுக்குக் கட்டாயச் சோதனை 1960ல் வந்தது. பின்னாட்களில், பாரம் தாங்கும் பகுதியில் துருவைப் பட்டியால் மூடிய கார் தேறாது என்பது விதியாயிற்று. ஆனால் 2018 மே மாதத்திலிருந்து, பெரிய மாற்றங்கள் செய்யப்படாத 40 வயது தாண்டிய கார்களுக்கு அந்த வருடாந்திரச் சோதனை கட்டாயமில்லை. மைனர்களில் மிகப் பெரும்பாலானவை இந்தக் கணக்கில் வந்துவிடும். சாலையில் ஓடத் தகுதியாக வைத்திருக்க வேண்டிய பொறுப்பு மட்டும் உரிமையாளருக்கு அப்படியே இருக்கிறது.

ஆக, ஆடிட்டர் வீட்டுக்குப் போய்விட்டார், கணக்குப் புத்தகம் முதலாளி கையிலேயே இருக்கிறது. சில்லுக்குள் இருப்பது இரும்பா செய்தித்தாளா என்பது இனி வெல்டிங் கண்ணாடி போட்டுக்கொண்டு காருக்கு அடியில் படுத்திருப்பவருக்கு மட்டும்தான் தெரியும். பக்கத்து சீட்டில் உட்காரப் போகிறவருக்குத் தெரியாது.